ஒப்பமான மேசையும் நீளா இழையும்: பௌதிகப் பாடநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

பௌதிகம் பயிலத் தொடங்கும் மாணாக்கன் முதலாண்டிலேயே சந்திக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒப்பமான கிடை மேசையொன்றின்மீது ஒரு திணிவு கிடக்கின்றது. இலேசான நீளா இழையொன்று அதனைப் பிணித்து, மேசையோரத்திலுள்ள கப்பியின்மேற் சென்று, மறுமுனையில் இன்னொரு திணிவைத் தாங்குகின்றது. வளித்தடையைப் புறக்கணித்து ஆர்முடுகலைக் காண்க என்று வினா முடியும். இவ்வினாவின் விடையினும் இதன் முன்னுரையே கூர்ந்து நோக்கத்தக்கது. 'ஒப்பமான' என்னுஞ் சொல் உராய்வை விலக்குகின்றது. 'நீளா' என்னுஞ் சொல் மீள்தன்மையை விலக்குகின்றது. வளித்தடையோ பெயர் சொல்லியே விலக்கப்படுகின்றது. நிலவுலகிற் காணப்படும் இயக்கம் ஒவ்வொன்றோடும் உடனுறையும் மூன்று பொருள்களும் ஒரே மூச்சில் வெளியேற்றப்பட்ட பின்னரே பாடம் தொடங்குகின்றது.

அவ்வாறு விலக்குதல் குற்றமன்று. விலக்காதிருப்பின் இயக்கவியல் என்னுந் துறையே பிறந்திராது. தள்ளுபவன் கையை எடுத்தவுடன் வண்டி நிற்பதைக் கண்ட அரிஸ்டோட்டில், இயக்கம் நீடிப்பதற்கு விசை வேண்டும் என்று கொண்டார். அக்கொள்கை பல நூற்றாண்டுகள் நிலைபெற்றது. தடைகளை மனத்தால் அகற்றிவிட்டு எஞ்சுவது யாது என வினவிய கலிலியோவே அக்கொள்கையின் வேரை அறுத்தார். ஆயின் கலிலியோ தடைகளை மறந்தாரல்லர். 1638இல் வெளிவந்த அவருடைய இறுதி நூல் இரண்டு புதிய விஞ்ஞானங்களைப் பற்றியது. அவற்றுள் முதலாவது, பாரந் தாங்கும் பொருள்களின் உறுதியை ஆராய்வது. நியூற்றனும் அத்தகையவரே. 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வின் இரண்டாம் பாகம் பெரும்பாலும் பாய்மங்கள் தரும் தடையைப் பற்றியதே. 1710இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் உள்ளே, உயரத்திலிருந்து இரசம் நிரப்பிய கண்ணாடிக் கோளங்களும் வளி நிரம்பிய கண்ணாடிக் கோளங்களும் விழவிடப்பட்டன. 220 அடியை முன்னவை ஏறக்குறைய 4 செக்கனிற் கடந்தன. பின்னவைக்கு 8 செக்கன் வரை சென்றது. பாரம் வேறாயினும் யாவும் ஒருங்கே விழும் என்று மனனஞ் செய்யும் மாணாக்கன், அம்முடிபினை ஏற்றவர்களே இச்சோதனையையும் செய்து பதிந்தனர் என்பதைத் தன் பாடநூலிற் காண்பது அரிது.

வெளியேற்றப்பட்ட மூன்றும் பிந்திய அத்தியாயங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. வரும்போது ஒவ்வொன்றும் ஒரு விதியையும் ஒரு மாறிலியையும் ஏந்தி வருகின்றது. எல்லையுராய்வு செவ்வன் மறுதாக்கத்துக்கு விகிதசமம் என்பது ஒன்று. பாய்மத்தினூடே மெல்லச் செல்லுங் கோளத்தின் மீதான தடை அதன் வேகத்துக்கு விகிதசமம் என்பது மற்றொன்று. கம்பியின் நீட்சி இழுக்கும் விசைக்கு விகிதசமம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அமைப்பு ஒன்றே; அச்செழுத்தின் தடிப்பும் ஒன்றே. நியூற்றனின் இரண்டாம் விதியும் ஈர்ப்பு விதியும் எவ்வாறு பெட்டிக்குள் அடைக்கப்பட்டனவோ அவ்வாறே இவையும் அடைக்கப்படுகின்றன. எனவே மாணாக்கன் இவை யாவற்றையும் ஒரே குலத்தனவாக எண்ணிக்கொள்கின்றான். அவை ஒரு குலத்தன அல்ல. ஈர்ப்பு விதியின் மாறிலி வியாழனுக்கும் வீட்டு முற்றத்துக்கும் ஒன்றே. உராய்வு விதியின் மாறிலியோ எண்ணெய்க் கையாற் பலகையைத் தடவினால் மாறிவிடுகின்றது. இவ்வேற்றுமையைச் சொல்லாது விடுதலே இப்பகுதிகளைக் கற்பிக்கும் நூல்களின் தலையாய குறை. இக்குறையால் மாணாக்கன் உராய்வு விதியை மிகையாக நம்புகின்றான். அது பரிசோதனைச்சாலையில் பொய்க்கும்போது நியூற்றனின் விதியையும் ஐயுறுகின்றான்.

உராய்வு விதி பிறந்த வரலாறே அதன் தகுதியைக் காட்டப் போதுமானது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெனாடோ டா வின்சி தம் குறிப்பேடுகளில், உராய்வு பாரத்தைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என எழுதி வைத்தார். அக்குறிப்புகள் அச்சேறாமையால் உலகம் அறிந்திலது. 1699இல் அமொந்தன் என்பார் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அதனையே மீளக் கண்டு கூறினார். தாம் ஆராய்ந்த இரும்பு, ஈயம், செம்பு, மரம் ஆகிய எல்லாவற்றுக்கும் உராய்வு பாரத்தின் மூன்றிலொரு பங்கே என்றும் அவர் முடிவு செய்தார். அவர் அம்மேற்பரப்புகளுக்குக் கொழுப்புப் பூசியிருந்தார். கொழுப்பின் குணத்தையே பெரும்பாலும் அளந்தார் போலும். பின்னர் கூலோம் 1781இற் பரிசு பெற்ற தம் ஆராய்ச்சியில், மரத்தின்மீது மரம் நெடுநேரம் தங்கியிருப்பின் அதனைப் பெயர்க்க வேண்டிய விசை கூடுகின்றது எனக் கண்டார். நேரத்தையும் பொறுத்த ஒரு குணகத்தை மாறிலி என்பது எங்ஙனம் என்னும் வினா அன்றே எழுந்தது. பரப்பளவைப் பொறுக்காமைக்கும் நெடுங்காலம் தக்க காரணம் கிடைத்திலது. கேம்பிறிட்ஜிற் பௌடன், தேபர் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வுகளே அதற்கு விளக்கந் தந்தன; 1950இல் அவர்தம் நூல் வெளிவந்தது. கண்ணுக்கு ஒப்பமாகத் தோன்றும் இரு பரப்புகள் உண்மையில் மிகச் சில முகடுகளிலேயே தொடுகின்றன. பாரங் கூடுங்கால் அம்முகடுகள் நசுங்கி உண்மையான தொடுகைப் பரப்பு கூடுகின்றது. ஆகவே உராய்வு பரப்பைப் பொறுத்ததே. ஆயின் அது அளவுகோலால் அளக்கும் பரப்பன்று. 'உராய்வு பரப்பளவைச் சாராது' என்று ஒரு வரியில் எழுதிச் செல்லும் பாடநூல், இந்த அழகிய செய்தி முழுவதையும் மாணாக்கனுக்கு மறுத்துவிடுகின்றது.

விதியின் எல்லையைச் சொல்லாமையால் வரும் கேட்டுக்கு எளியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 10 கிலோகிராம் திணிவுள்ள மரக்குற்றியொன்று கரடான மேசையிற் கிடக்கின்றது. உராய்வுக் குணகம் 0.4, அதனைக் கிடையாக 20 நியூற்றன் விசையால் இழுத்தால் உராய்வு விசை யாது? நன்கு கற்றவன் என மதிக்கப்படும் மாணாக்கனும் 0.4ஐச் செவ்வன் மறுதாக்கத்தாற் பெருக்கி 39 நியூற்றன் என எழுதிவிடுவான். அவ்விடை மெய்யாயின், இழுப்பவனை விட்டுக் குற்றி எதிர்ப்புறமாக ஓடவேண்டும். அசையாத குற்றியின்மீது உராய்வு 20 நியூற்றனே. 39 என்பது அது எட்டக்கூடிய உச்ச எல்லை. எல்லையைக் கூறும் சமனிலியைச் சமன்பாடாக மனனஞ் செய்தமையே இத்தவற்றின் வேர்.

'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என்னும் வாய்பாடும் இத்தகையதே. யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்கு இதனை மறுக்கும் சான்று வேலிக்கு அப்பாலேயே நிற்கின்றது. சீவற்றொழிலாளி காலிலே தளைநாரை மாட்டிக்கொண்டு பனையில் ஏறுகின்றான். அவனை மேலே கொண்டு செல்வது மரம் அவன் பாதத்தின்மீது செலுத்தும் உராய்வே. அவன் மேலே செல்கின்றான். உராய்வும் மேல்நோக்கியே தொழிற்படுகின்றது. இடைவழியில் அவன் இளைப்பாற நின்றால், உராய்வு அவன் நிறைக்குச் சமமாகின்றது. மரத்தை இன்னும் இறுகப் பற்றினால் செவ்வன் மறுதாக்கங் கூடுமேயன்றி உராய்வு கூடாது. கூடியிருப்பின் அவன் முயலாமலே மேலேறியிருப்பான்! உராய்வு எதிர்ப்பது தொடும் பரப்புகளின் சார்பியக்கத்தை அல்லது அவ்வியக்கத்துக்கான நாட்டத்தை. இவ்வொரு திருத்தத்தைச் செய்ய அரைப் பக்கமே போதுமாக, பல நூல்கள் அதனைச் செய்யாது சாய்தளக் கணக்குகளுக்கு விரைகின்றன.

இக்குறையை உணர்ந்து எழுதப்பட்ட அத்தியாயங்களுள் தலைசிறந்தது, றிச்சட் பைன்மன் கலிபோணியாத் தொழினுட்பக் கழகத்தில் முதலாண்டு மாணாக்கர்க்கு 1961 தொடக்கம் நிகழ்த்தி 1963இல் நூலாகிய விரிவுரைகளின் முதற்றொகுதியிலுள்ள பன்னிரண்டாம் அத்தியாயம். விசையின் இயல்புகளைப் பற்றிய அவ்வத்தியாயத்தில் வளித்தடை, உராய்வு, மூலக்கூற்று விசை, மீள்தன்மை என்பன ஒருங்கே வருகின்றன. ஆகாய விமானத்தின்மீதான தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய விகிதசமம் என்னும் விதியை எடுத்துக்கொண்டு, இது நியூற்றனின் விதியோடு ஒருங்கு வைக்கத்தக்கதா என்று அவர் வினவுகின்றார். அன்று என்பதே விடை. தடை விதி காற்றுச் சுரங்கங்களிற் செய்த அளவீடுகளின் தொகுப்பு. அதனை ஆராயுந்தோறும் அது எளிதாகாது சிக்கலே பெருகுகின்றது. அடிப்படை விதியோ ஆராயுந்தோறும் தெளிவுறுகின்றது. இரு குலங்களையும் பிரித்தறிய இதனினும் நல்ல உரைகல் வேறில்லை.

உராய்வைப் பற்றி அவர் கூறுவது இன்னும் துணிவானது. செம்பின்மேற் செம்பு, உருக்கின்மேல் உருக்கு எனக் குணக அட்டவணைகளில் அச்சிடப்படும் எண்கள், அப்பொருள்களுக்கே உரியனவல்ல. மேற்பரப்பிற் படிந்த ஒட்சைட்டுக்கும் மாசுக்கும் உரியனவே என்பது அவர் கருத்து. மாசு முற்றும் நீக்கி வெற்றிடத்தில் வைத்த செம்பின்மேற் செம்பைச் செங்குத்தாகச் சரித்தாலும் வழுக்காது; இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சாய்தளப் பரிசோதனையிற் குற்றி சீராக வழுக்குவதில்லை என்பதனையும் அவர் மறைத்திலர். ஓரிடத்தில் நிற்கும், ஓரிடத்தில் விரையும். பரிசோதனைச்சாலையிற் சிலநாள் நின்ற எந்த ஆசிரியரும் அறிந்த உண்மை இது. அறிந்தும் நூல்களில் எழுதாதது.

எனினும் அவ்வத்தியாயம் குறையற்றதன்று. அதன் ஆசிரியரே 1963இல் எழுதிய முன்னுரையில், மாணாக்கர் நோக்கில் தம் முயற்சி பெரிதும் வெற்றி பெற்றதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். காரணம் அத்தியாயத்துள்ளேயே புலப்படுகின்றது. விதி பொய்க்கும் என்று அது பன்முறை எச்சரிக்கின்றது. எங்கே, எவ்வளவு பொய்க்கும் என்று அளந்து காட்டுவது அரிது. நிலையுராய்வு தானே தன்னை அமைத்துக்கொள்ளும் விசை என்னுஞ் செய்தி, தொடக்க மாணாக்கன் தடுமாறும் இடம். அது அங்கே விளக்கம் பெறவில்லை. அத்தியாயத்தின் ஈற்றிற் பயிற்சி வினாக்களும் இல்லை. கணக்கிடும் முறைபற்றி அவர் நிகழ்த்திய விரிவுரைகள் அத்தொகுதியிற் சேராது, 2006இலேயே தனிநூலாக வெளிவந்தன. கற்பிப்பவர்க்கு அவ்வத்தியாயம் பெருவிருந்து. கற்பவனுக்கு மட்டும் தனித்துக் கொடுத்தால், விதிகள் யாவும் ஐயத்துக்குரியன என்னும் எண்ணத்தோடு அவன் எழுந்து போகவும் கூடும். சந்தேகத்தைக் கற்பிப்பதற்கு எண்கள் வேண்டும்.

பாய்மத்தடையைக் கொண்டே அதனைக் காட்டலாம். ஸ்ரோக்ஸ் 1851இல் வெளியிட்ட விதியின்படி, சிறு கோளமொன்று பாய்மத்தில் விழும்போது அடையும் முடிவு வேகம் அதன் ஆரையின் வர்க்கத்துக்கு விகிதசமம். 0.01 மில்லிமீற்றர் ஆரையுள்ள முகிற்றுளிக்கு இவ்விதி தரும் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1.2 சென்ரிமீற்றர், அது மெய்யே. முகில் வானில் மிதப்பதாகத் தோன்றுவதும் அதனாலேயே. அதே விதியை 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள மழைத்துளிக்கு வழங்கினால் செக்கனுக்கு 121 மீற்றர் என்னும் விடை வரும். அஃதாவது மணிக்கு 430 கிலோமீற்றருக்கு மேல். அவ்வேகத்தில் மழை பெய்தாற் குடை பிடித்தவன் கதி யாதாகும்? உண்மையில் அத்துளி விழுவது செக்கனுக்கு ஏறத்தாழ 6½ மீற்றர் வேகத்திலேயே. விதி பதினெட்டு மடங்கு பிழைத்துவிட்டது. பிழைத்ததன் காரணமுஞ் சொல்லத்தக்கதே. முகிற்றுளியைச் சுற்றி வளி அமைதியாக வழிவிட்டுச் செல்கின்றது. மழைத்துளியின் பின்னே சுழிகள் தோன்றுகின்றன. பாய்மத்தின் சடத்துவம் பெரிதா, பிசுக்குமை பெரிதா என்பதனை ரெயினோல்ட்ஸ் எண் என்னும் ஒரு விகிதங் காட்டும். அது 1இலும் குறைந்தவிடத்தே ஸ்ரோக்ஸின் விதி செல்லும். அம்மழைத்துளிக்கு அது 800க்கு மேல். இவ்வெண்ணைக் கணிக்க ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலுமே வேண்டும். அவ்வாறிருந்தும், மழைத்துளியின் முடிவு வேகத்தை ஸ்ரோக்ஸின் விதியாற் காண்க என்னும் வினாக்கள் பயிற்சி நூல்களில் இடம்பெறுகின்றன. வந்த விடையை ஒருமுறை மழையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு எவருங் கேட்பதில்லை.

மீள்தன்மைக்கு நேர்ந்த கதி இவற்றினும் இரங்கத்தக்கது. இலங்கையின் உயர்தரப் பாடத்திட்டத்தில் உராய்வு பொறிமுறைப் பகுதியிலும், மீள்தன்மையும் பிசுக்குமையும் சடத்தின் இயல்புகளைக் கூறும் பிந்திய அலகிலும் வைக்கப்பட்டுள்ளன. கணக்கிடும் வசதி நோக்கி அமைந்த வைப்பு இது. ஆயின் பொருளை நோக்கின் தலைகீழானது. மேசைமேற் புத்தகம் கிடக்கின்றது. மேசை அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றது என்று ஆசிரியர் கூறுகின்றார். உயிரற்ற மேசை எவ்வாறு தள்ளும்? புத்தகத்தின் நிறை எவ்வளவு என்று அதற்கு எவ்வாறு தெரியும்? அறிவுள்ள மாணாக்கன் இவ்வாறு கேட்கவே செய்வான். பலர் கேளாது உள்ளத்துள் மறுத்துவிடுவர். அமெரிக்க ஆசிரியரான மின்ஸ்ரெல் 1982இல் எழுதிய கட்டுரையொன்று இதனையே பொருளாகக் கொண்டது. புத்தகத்தைக் கையில் ஏந்தச் செய்து, பின் சுருள்வில்லில் தொங்கவிட்டு, ஈற்றில் மேசையே மிகச் சிறிது வளைகின்றது என்பதனை ஒளிக்கற்றையொன்றாற் காட்டியபோதே மாணாக்கரிற் பெரும்பாலோர் மேசையின் விசையை ஒப்புக்கொண்டனர். மறுதாக்கம் என்பது மேசையின் மீள்தன்மையே. இழையின் இழுவை என்பதும் இழையின் மீள்தன்மையே; சிறிதும் நீளாத இழை எவ்விழுவையைத் தரவேண்டும் என்பதனை எதனால் அறியும்? உராய்வு செவ்வன் மறுதாக்கத்தைப் பற்றி நிற்கின்றது. செவ்வன் மறுதாக்கம் மீள்தன்மையைப் பற்றி நிற்கின்றது. அடித்தளத்தைக் கடைசி அலகில் வைத்துக்கொண்டு மேல்மாடியை முதலிற் கட்டுவது ஆசிரியர்க்கு எளிதாயினும் மாணாக்கர்க்கு எளிதன்று.

ஊக் 1676இல் எழுத்துகளைக் குழப்பிப் புதிராக வெளியிட்டு 1678இல் விடுவித்த விதியும் எல்லையுடையதே. 2 மீற்றர் நீளமுள்ள மெல்லுருக்குக் கம்பி ஏறக்குறைய 2½ மில்லிமீற்றர் நீளும்வரையே அதற்கு அடங்கும், அதன்பின் இளகிவிடும். கவணிற் கட்டும் இறப்பர் நாடா பன்மடங்கு நீளும். ஆனால் அதன் வரைபு ஒருபோதும் நேர்கோடாகாது. ஏற்றும்போது ஒரு வழியும் இறக்கும்போது வேறு வழியுமாக அது செல்கின்றது. இருவழிகளுக்கிடைப்பட்ட பரப்பு வெப்பமாகப் போன சத்தியாகும். இவ்வளவு எல்லைப்பட்ட விதி எல்லாப் பொருளிலும் தலைகாட்டுவது ஏன் என்பதற்கும் விடை உண்டு. அணுக்களுக்கிடையிலான விசையை இடைத்தூரத்தோடு வரைந்தால் அது ஒரு வளைகோடு. எந்த வளைகோட்டிலும் மிகச் சிறிய துண்டு நேர்கோடுபோலவே தோன்றும். ஊக்கின் விதி அச்சிறுமையின் விளைவு. இதனை அறிந்த மாணாக்கனுக்கு யங்கின் மட்டு வெறும் எண்ணன்று.

இவற்றைக் கற்பிக்கப் புதிய கருவிகள் தேவையில்லை. ஒரு பலகை, ஒரு மரக்குற்றி, ஓர் இறப்பர் நாடா, கடதாசிக் கூம்பு சில என்பன எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும். ஒரே அளவான கூம்புகளில் ஒன்றைத் தனித்தும் நான்கை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கியும் விழவிட்டால், நிறை நான்கு மடங்காக வேகம் இரு மடங்கே ஆவதைக் கைக்கடிகாரமே காட்டிவிடும். வர்க்க விதி அங்கே கண்முன் நிற்கும்.

வேண்டுவது பரிசோதனைக் கொப்பியைத் திருத்தும் முறையில் ஒரு மாற்றமே. சாய்தளத்தில் ஆறுமுறை அளந்த மாணாக்கனுக்கு 0.31, 0.38, 0.35 எனச் சிதறிய எண்களே கிடைக்கின்றன. அவன் நூலின் அட்டவணையைப் பார்க்கின்றான். அங்கே ஒரே எண் நிற்கின்றது. அழிப்பானை எடுக்கின்றான். ஆறு அளவீடுகளும் அட்டவணைக்கு அண்மையில் வந்து கூடுகின்றன, மூன்று தசமதானங்களிற் சராசரி எழுதப்படுகின்றது, முழுப்புள்ளியுங் கிடைக்கின்றது. சிதறிய எண்களை அழியாது விட்டவனோ 'கவனக்குறைவு' என்னுஞ் சிவப்பு மையைப் பெறுகின்றான். குற்றி நடுவழியில் நின்றது, பலகையைத் தட்டியபின் மீள ஓடியது என்று அவன் கீழே ஒரு வரி எழுதியிருப்பின், அவ்வரிக்கே புள்ளி வழங்கப்படல் வேண்டும். குற்றி உண்மையிலேயே நின்றது.